என் காருக்கு நாடி பார்த்தவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாடியர் அளவுக்குக் கார்களை நேசித்தவரும் இல்லை, கார்களின் நோய் வருத்தத்தை அவர் அளவுக்குப் பிழையாகச் சொன்னவரும் இல்லை. இதைப் பலாலி வீதியில் எந்தக் கராச்சின் வாசலில் நின்றும் சொல்ல நான் தயார். ஒருவரும் மறுக்கமாட்டார்கள். நாடியர் மட்டும் மறுப்பார். மறுத்துவிட்டு, பேசுகிற எனக்குத்தான் ஏதோ கோளாறு என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் பங்கீட்டுக் கூப்பன் அட்டையில் மட்டும் இருந்தது. திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் நாலு தகரத்தைப் போட்டுக் கராச் நடத்தினார். கார் வந்து நின்றதும் மற்ற மெக்கானிக்குகளைப் போல ஆணிகளைக் கழற்றத் தொடங்கமாட்டார். ஒரு முழ நீள ஸ்குறூ டிறைவரை எடுத்து, நுனியை இஞ்சினில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதுக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். இடது கை மேலே உயரும். அந்தக் கை இறங்கும் வரைக்கும் கராச்சில் ஒருவரும் இருமக் கூடாது. ஒழுங்கையால் போகிற சைக்கிள்காரன் மணி அடித்தாலே அவனைக் கூப்பிட்டு ஏசுவார். இதனால்தான் நாடியர் என்ற பெயர்.

நாடி பார்த்து முடிந்ததும் விசாரணை நடக்கும். நேற்று என்ன குடித்தது, மழைக்குள் போனதா, ஏற்றத்தில் மூச்சு வாங்கியதா என்றெல்லாம் கேட்பார். கேட்டுவிட்டு நாங்கள் சொன்ன பதிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வருத்தத்தைச் சொல்வார்.

பல்கலைக்கழகக் கம்பஸில் படிப்பித்த ஒருவருடைய காரில் ஒருநாள் கிணிகிணி என்று சத்தம் கேட்டது. நாடியர் காதை வைத்தார், பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்றார். பாவம், அந்த மனிதர் பயந்துபோய் அங்கேயே குந்திவிட்டார். தான் இருந்து வேலை செய்ய வசதியாக நாடியர் பின் சீற்றைத் தூக்கி வெளியில் வைத்தார். அதற்கடியில் இருந்து ஒரு சாப்பாட்டுக் கரியரின் மூடி உருண்டு வெளியே போனது. சத்தமும் அதோடு போனது. நாடியர் மூடியைப் பார்க்கவில்லை. இஞ்சினில் ஏதோ இரண்டு ஆணியை இறுக்கினார், காதை வைத்தார், பிஸ்டன் சுகப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். படிப்பித்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருடைய மனைவி ஒரு மாதமாக அந்த மூடியைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். என்னுடைய மனைவியும் அதைத்தான் கேட்டா.

சண்டை வந்து காங்கேசன்துறையில் நான் கிளாக்கராக இருந்த இடம் மூடப்பட்டு, ஊரையும் விட்டு வெளிக்கிட்டபோது எங்களோடு வந்த ஒரே சொத்து மாமனார் சீதனமாகத் தந்த கறுத்தக் கார். எனக்கு மூத்த கார் அது. திருநெல்வேலியில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு அதில் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓடினேன். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டது அந்தக் கார் ஓடியதால்தான். அது நின்றால் அடுப்பும் நிற்கும்.

குடாநாட்டுக்குள் அரசாங்கம் பெற்றோல் வர விடாத காலம். நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். புகை கோயில் திருவிழாவில் வாண வேடிக்கை மாதிரி வரும். அந்த மண்ணெண்ணெயும் லேசில் கிடைக்காது என்பதால் ஒரு சொட்டையும் வீணாக்க மனம் வராது. நான் ஒரு படி மேலே போனேன். ஆவியாகவும் போகக் கூடாது, வளைவில் திரும்பும்போது சிந்தவும் கூடாது என்று பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி எண்ணெய்த் தாங்கி மூடிக்குள் வைத்து இறுக்கிவிட்டேன். என்னுடைய மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த கிழமையே கார் நிற்கத் தொடங்கியது. மூன்று மைல் நன்றாக ஓடும், பிறகு இருமும், நிற்கும். எண்ணெய் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டதால் நான் இறங்கி மூடியைத் திறந்து பூவரசங் கம்பை விட்டுப் பார்ப்பேன். எண்ணெய் இருக்கும். மூடிவிட்டு வந்து ஸ்ராட் பண்ணினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். திரும்ப மூன்று மைல்.

நாடியர் காதை வைத்தார். காபரேற்றரில் சளி என்றார். கழற்றி ஊதினார். எந்தக் காரையும் ஸ்ராட் பண்ண முன்னர் எண்ணெய் இருக்கிறதா என்று கம்பு விட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம், அதையும் பார்த்தார். கார் உடனே ஸ்ராட் வந்தது. வெற்றிச் சிரிப்போடு என்னை அனுப்பினார். மூன்றாவது மைலில் நின்றேன். அடுத்த முறை தீப்பொறி தருகிற கொயிலுக்குக் காய்ச்சல் என்றார், ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினார், கம்பு விட்டுப் பார்த்தார், ஸ்ராட் வந்தது. ஈரச் சாக்கோடு போய்க் கோப்பாயில் நின்றேன். வழியில் கண்டவர்கள் காருக்கு ஆர் பத்துப் போட்டது என்று கேட்டார்கள்.

மூன்றாம் முறை நாடியரின் கை இறங்க நெடுநேரம் எடுத்தது.

"தம்பி, வால்வு எரிஞ்சு போச்சு. தலையைக் கழட்ட வேணும்."

இஞ்சினின் தலையைக் கழற்றினால் அதற்கடியில் இருக்கிற காஸ்கெற் என்ற தகடு பழுதாகும். புதியது குடாநாட்டில் எங்கும் இல்லை. அப்படித் தலை கழற்றிய கார்கள் எத்தனையோ வளவுகளில் கோழி அடைகாக்கிற கூடாக நின்றன. பழையதையே திரும்பப் போடலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன். என்னுடையது பலமுறை கழற்றிப் பூட்டியது, தொட்டாலே அப்பளமாக நொருங்கும் என்றார். சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார். காஸ்கெற்றுக்கு ஏதாவது வழி பார்ப்போம் என்று மெல்லச் சொன்னதை நான் நம்பவில்லை.

வழி இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதை ஒருவரும் கேட்கமுடியாது. கராச்சின் மூலையில், தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள், நாடியருடைய சொந்தக் கார் நின்றது. என்னுடைய காரின் அதே இனம். வெள்ளிக்கிழமைகளில் மனைவியை முன் சீற்றில் இருத்திக்கொண்டு கோயிலுக்குப் போவார். அதிலிருந்து ஓர் ஆணி கேட்டு வந்தவர்களையும் படலை வரை துரத்தியவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு ஹயர் வந்தது. ஆஸ்பத்திரியால் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட தன் மனைவியைத் தொண்டைமானாற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய ஒரு கடல் தொழிலாளி. அறுபது வயதிருக்கும். இதுதான் கடைசி ஓட்டம் என்று நினைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சொல்லி வைத்தது போலக் கோப்பாயில் கார் நின்றது. நான் இறங்கி மூடியைத் திறந்தேன். பக்கத்தில் வந்து நின்ற அந்த மனிதர் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, மூடியைத் திறக்கேக்கை புஸ்ஸெண்டு காத்து உள்ளை இழுத்தது கேட்டதே?"

கேட்கவில்லை என்றேன். எனக்குக் கவலை மட்டும்தான் கேட்டது.

"எங்கடை போட் மிசின் தாங்கியின்ரை மூடியிலை காத்துப் போக ஒரு ஆணி இருக்கு. அதைத் தளர்த்த மறந்தால் நடுக்கடலிலை நிண்டிடும். காத்து உள்ளை போகாட்டி எண்ணெய் வெளியிலை வராது. நீங்கள் உந்த ரப்பரை வைச்சு ஓட்டையை அடைச்சுப்போட்டியள்."

ரியூப் துண்டை எடுத்து வேலிக்கு மேலால் எறிந்தார். கார் நீர்வேலி தாண்டியது, அச்சுவேலி தாண்டியது, தொண்டைமானாறு போனது, திரும்பியும் வந்தது. ஓர் இருமல் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவ சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் எழும்பி வந்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எனக்கு நாடியரில் கோபம் வந்தது. ரப்பரை வைத்த மடையன் நான்தான், அது வேறு கதை. ஆனால் ஒரு நல்ல இஞ்சினின் கழுத்தை வெட்டப் பார்த்தாரே! அவரிடம் கேட்கவேண்டிய நாலு கேள்வியைப் படுக்கையிலேயே ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் போனபோது கராச்சில் கிடுகுக் கொட்டில் திறந்திருந்தது. நாடியரின் காருடைய பொனற் மேலே நின்றது, தலை கழன்று சாக்கில் கிடந்தது. நாடியர் நிலத்தில் குந்தியிருந்து, சவர பிளேட்டால் மெல்ல மெல்லக் கிளப்பி எடுத்த காஸ்கெற்றை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம் கையில் இருந்தது.

"உம்மடை காருக்கு அளவாய் இருக்கும். நான் கோயிலுக்கு நடந்து போவன், தம்பி. நீர் பிள்ளைகுட்டிக்காரன்."

ஒழுங்குபடுத்தி வைத்த நாலு கேள்வியும் எங்கே போனதோ தெரியாது. நானும் பக்கத்தில் குந்தினேன். பிறகு, என் வாழ்க்கையில் சொன்ன பொய்களுக்குள் நல்ல பொய்யைச் சொன்னேன். நேற்றுத் தொண்டைமானாறு போய் வந்தேன், ஓரிடமும் நிற்கவில்லை, நீங்கள் கொயிலுக்குச் செய்த வைத்தியம் இப்போதுதான் பிடித்திருக்கிறது என்றேன்.

நாடியர் நம்பவில்லை. ஸ்குறூ டிறைவரோடு எழும்பிப் போய் என் காருக்குக் காதை வைத்தார். கை உயர்ந்தது, இறங்கியது.

"வால்வு தானாய்ச் சுகப்பட்டிட்டுது. சிலதுக்கு அப்பிடி நடக்கிறது," என்றார்.

அன்று பகல் முழுக்க இருந்து அவருடைய காரின் தலையைத் திரும்பப் பூட்ட உதவினேன். ஆனால் கழற்றின காஸ்கெற் பழையபடி இருக்கவில்லை. அதன் பிறகு அந்தக் கார் இரண்டு மைலுக்கு ஒருமுறை கொதித்துத் தண்ணீர் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். றோட்டுக் கரையில் ஆவி பறக்கிற கார், குடை பிடித்தபடி அவருடைய மனைவி, வாளியோடு நாடியர். நான் நிற்பாட்டி, பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளிக் கொண்டுபோய் ஊற்றுவேன். அவர் ஒவ்வொருமுறையும் முந்திக்கொண்டு சொல்வார்.

"இது றேடியேற்றர் பிழை, தம்பி. காஸ்கெற் நல்லாத்தான் இருக்கு. நீர் ஒண்டும் யோசியாதையும்."

ஓம் அண்ணை என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றுவேன். அந்த ஒரு வருத்தத்தை மட்டும் அவர் தெரிந்துகொண்டே பிழையாகச் சொன்னார் என்பது எனக்கு விளங்க வருடங்கள் எடுத்தன.