விழுந்த காசு ஆரிட்டைப் போனது?

ஸ்காபரோ,
வைகாசி 14

அன்புள்ள மச்சான் அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

ஒஸ்லோவில் நீங்களும் வீட்டாரும் ஆண்டவரின் அருளால் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை பிலோமினாவும் சுகம். எங்கள் ஓய்வுகாலச் சேமிப்புக்குத்தான் இரண்டு மாதமாகச் சுகமில்லை. பங்குச் சந்தை விழுகிறதே, உள்ளதை விற்றுவிடலாமா என்று போன கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள். பிலோமினா பக்கத்தில் நின்றதால் விபரமாகப் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மாசியில் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம், ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்துப் போட்ட காசு அது. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வீட்டில் இருக்கத் தொடங்கியதும் பொழுது போகாமல் பாங்கின் செயலியைத் தொலைபேசியில் இறக்கினேன். நான் பார்க்கத் தொடங்கிய கிழமையே சந்தையும் விழத் தொடங்கியது. நான் பார்ப்பதால்தான் விழுகிறதோ என்று ஒருநாள் முழுக்கப் பார்க்காமல் இருந்து பரிசோதித்தேன், அன்றும் விழுந்தது. திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா என்று பழைய மேற்பார்வையாளர் றூபனிடம் கேட்டேன். இருப்பவர்களையே நிற்பாட்டுகிறார்கள் என்றார். நூற்றுக்குப் பதினெட்டுக் குறைந்தபோது, பயத்தை விட ஒரு கேள்விதான் எனக்குப் பெரிதாக வந்தது. அந்தக் காசு இப்போது யாரிடம் இருக்கிறது? என்னிடமிருந்து போனால் இன்னொருவரிடம் இருக்க வேண்டுமே. முடி வெட்டுகிறவரிடம் கேட்டேன். "என்ரையும் அங்கைதான் போயிருக்கு, கண்டுபிடிச்சால் சொல்லுங்கோ" என்றார். பூசை முடிந்து பாதரிடம் கேட்டேன். கோயில் உண்டியலுக்கு வரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

கடைசியில் பிலோமினாவையும் கூட்டிக்கொண்டு பாங்குக்கே போனேன். அங்கே ஆலோசகராக மயூரி என்று இங்கேயே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. எங்களை இருத்திவிட்டு ஒரு கேள்வித்தாளை எடுத்தாள்.

"அங்கிள், உங்கட காசு ட்வென்டி பெர்சென்ட் விழுந்தா என்ன செய்வீங்க? விப்பீங்களா, பேசாம இருப்பீங்களா, இன்னும் வாங்குவீங்களா?"

பக்கத்தில் மனைவி இருக்கும்போது ஒருவன் என்ன சொல்வான்? "இன்னும் வாங்குவன்" என்றேன். மற்றக் கேள்விகளுக்கும் அதே வீரத்தில் பதில் சொன்னேன். நான் பெரிய துணிச்சல்காரன் என்று கணினி தீர்ப்பளித்தது.

"அப்ப சரி அங்கிள், இப்ப எய்ட்டீன் விழுந்திருக்கு. வாங்குவமா?"

"இல்லைப் பிள்ளை. எல்லாத்தையும் விக்கத்தான் வந்தனான்."

அவள் சிரிக்கவில்லை. கேள்வித்தாளைத் திரும்ப முதலிலிருந்து எடுத்தாள். அப்போதுதான் பிலோமினா வாய் திறந்தாள்.

"பிள்ளை, இவர் ஒரு மாசமா ஊரெல்லாம் கேட்டுத் திரியிறார். உந்த விழுந்த காசு ஆரிட்டைப் போனது?"

"ஒருத்தரிட்டயும் போகேல்ல அன்ரி. இண்டைக்கு வித்தா என்ன விலை தருவினம் எண்டதுதான் அந்த நம்பர். உங்கட வீட்டுக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு விலை இருக்கு, நீங்க பாக்கிறேல்ல."

"பார்த்தால் இவர் வீட்டையும் வித்துப்போடுவார்."

"அது திரும்ப ஏறுமோ?" என்று கேட்டேன்.

"ஏறலாம். எப்ப எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. அதான் கெதியாத் தேவைப்படுற காசு அதுக்குள்ள இருக்கக்கூடாது."

ஆகவே இரண்டு வருடச் செலவுக்கு வேண்டிய பங்கை மட்டும் விற்று நிலையான வைப்பில் போட்டோம். நட்டத்தில்தான் விற்றோம் மச்சான். ஓய்வுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் என்று மயூரி மெதுவாகச் சொன்னாள். மிச்சத்தை அப்படியே விட்டோம். வீட்டுக்கு வந்ததும் பிலோமினா என் தொலைபேசியிலிருந்து செயலியை அழித்து, கடவுச்சொல்லை மாற்றி, கணக்குக்குத் தன்னுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டாள்.

நான் ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் அஜின்கோர்ட் நூலகத்துக் கணினியில் இருந்து, அவள் பிறந்த நாள், எங்கள் கலியாண நாள், அந்தோனியார் பெயர் என்று மூன்று கடவுச்சொல் போட்டுப் பார்த்தேன். கணக்குப் பூட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது பிலோமினா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரோ எங்கடை கணக்குக்குள்ளை பூரப் பார்த்தவனாம். நீங்களோ எண்டு பாங்க் எனக்கு மெசேஜ் போட்டுக் கேட்டது. இல்லையெண்டு அமத்திப்போட்டன்."

"நல்ல வேலை செய்தனீர்" என்றேன்.

"இருங்கோ, சாப்பிடுவம்" என்றவள் என் சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு துண்டு கூடுதலாகவே வைத்தாள். "கள்ளனுக்கும் களைப்பாயிருக்கும்."

அன்றோடு எனக்குப் புத்தி வந்தது. நீங்களும் அவசரப்பட்டு விற்காதீர்கள். கிட்டடியில் தேவையானதைப் பத்திரப்படுத்திவிட்டு மிச்சத்தை மறந்துவிடுங்கள். பார்க்காமல் இருப்பதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது மச்சான். இப்போது நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். மாதா உங்கள் குடும்பத்தையும் உங்கள் சேமிப்பையும் காப்பாராக.

என்றும் அன்புள்ள,
பஸ்ரியன்

பி.கு.: பூட்டிய கணக்கைத் திறக்க, "நீங்கள் முதலில் படித்த பள்ளிக்கூடம் எது?" என்று கேட்கிறது. என்னுடையதைப் போட்டேன், பிழையாம். பிலோமினா தன்னுடையதைத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவளைப் பாலர் வகுப்பில் எங்கே சேர்த்தார்களென்று தமையனான உங்களுக்குத் தெரியும். பெயரை ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்புங்கள். தொலைபேசி எடுக்க வேண்டாம்.