தண்ணீர் ஆடாத இடம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை பூமி எங்கெங்கே எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்த ஒரே மனிதர் டம்ளர் அண்ணன்தான். அரசாங்கத்தில் கேட்டால்கூட அந்த விவரம் கிடைக்காது.

நாங்கள் வேலை பார்த்த கிரானைட் பாலிஷ் கம்பெனியில் அவர் கிரேன் ஆபரேட்டர். லாரியில் வரும் பாறையை இட்லித் தட்டு இறக்குவதுபோல இறக்கி வைப்பார். அதைச் சின்னச் சுத்தியால் தட்டி ஓசை கேட்பது என் வேலை. கணீரென்றால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல்.

அண்ணன் பையில் எப்போதும் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கும். போகிற இடமெல்லாம் அதில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துக் குனிந்து பார்ப்பார். "ஆடுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

எல்லாம் ஒரு கல்லுக்காக. சுண்டுவிரல் நகமளவு இருக்கும். கிணற்றுத் தண்ணீர் உறைந்த மாதிரி நீலமும் பச்சையும் கலந்த நிறம். பெயர் பாஸ்போபிலைட். அவர் தாளில் எழுதித் தந்ததை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

"வயலுக்குப் போடறமே பாஸ்பேட், அதுக்குப் பங்காளிடா இது. ஆனா ரொம்ப ரோஷக்காரப் பங்காளி."

உலகத்திலேயே அபூர்வமாம். கல் சேகரிக்கிறவர்கள் இதற்காகத் தவம் கிடப்பார்களாம். ஆனால் மோதிரத்தில் வைக்க முடியாது. கத்தி பட்டால் கோடு விழும், அதிர்ந்தால் பிளந்துவிடும்.

அண்ணன் முன்பு பெங்களூரில் ரத்தினங்களுக்குப் பட்டை தீட்டியவர். கடையை மூடும்போது முதலாளி இந்தக் கல்லை அவரிடம் கொடுத்து, "இது உன் கையிலயும் ஒடையாம நிக்காதுப்பா" என்றாராம். அதைத் தீட்டி முடித்து அந்த முதலாளி முன்னால் வைத்துவிட வேண்டும். அண்ணனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. அதிராத தரை ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

ஓசூரில் அதற்கு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரூமில் பஸ். அடுத்த ரூமுக்குப் பின்னால் கார் பாகம் அடிக்கும் பிரஸ் மெஷின். மூன்றாவது வீட்டில் மூலைக்கு மூலை டம்ளரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா கன்னடத்தில், "நீரு குடியோக்கா, நோடோக்கா?" என்று கேட்டுவிட்டார். தண்ணீர் குடிக்கவா, பார்க்கவா? அண்ணன் பணிவாக, "நோடோக்கே அம்மா" என்றார். அட்வான்ஸ் அன்றே திரும்பி வந்தது. குந்தாரப்பள்ளியில் ஒரு வீடு பிடித்திருந்தது. அன்று மாட்டுச் சந்தை. "மாடு எறங்குனாக்கூட ஆடுதுடா" என்று வந்துவிட்டார்.

நாற்பது வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் காப்பி கொண்டு வந்தாள். அண்ணன் பெண்ணைப் பார்க்கவில்லை, காப்பியைப் பார்த்தார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. ஊடுதான் தண்டவாளத்தை ஒட்டிக் கெடக்குது."

கடைசியில் தொரப்பள்ளிப் பக்கம் என் வீட்டுக்கு வந்தார். சந்துக் கடைசி, பின்னால் கேழ்வரகுக் கொல்லை. டம்ளரை வைத்தார். கால் மணி நேரம் குனிந்தே இருந்தார். தண்ணீர் கண்ணாடி போல நின்றது.

"ஏண்டா, உங்க ஊட்ல யாரும் பேசக்கூட மாட்டீங்களா?"

"என்னத்தண்ணா பேசறது?"

"கல்யாணத்தன்னைக்கே இவுரு ஆறு வார்த்தைதாங்க பேசுனாரு" என்றாள் என் மனைவி.

பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள். கையால் சுற்றும் சாணையை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தீட்டினார். நாங்கள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தோம். மிக்சி ஓடவில்லை, குக்கர் விசில் அடிக்கவில்லை. சட்னி இல்லாத தோசைக்கு நான் பழகிப்போனேன். எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று பக்கத்து வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

பதினோராவது ஞாயிறு, முடிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பச்சைத் தீ மாதிரி இருந்தது.

"மொதல்ல நீ பாரு" என்று என் கையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

நான் பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம். இத்தனை வருடப் பழக்கம், கைக்கு ஒரு கல் வந்தால் கை சும்மா இருக்காது. கல்லை ஜன்னல் திண்டில் வைத்து, பைக் சாவியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

இரண்டாகப் பிளந்தது.

முகத்தில் தண்ணீர் சொட்ட அண்ணன் வந்து நின்றார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கல்லைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"சத்தம் எப்பிடிடா இருந்துச்சு?"

"நல்லா... இருந்துச்சுண்ணா."

"அப்ப நல்ல கல்லுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் பெங்களூருக்கு நானும் கூடப் போனேன். முதலாளி இரண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேனில்ல? எப்பிடி ஒடஞ்சுது?"

"கடைசிப் பட்டையில என் கை தவறிடுச்சுங்க மொதலாளி."

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"இவன் பேசமாட்டானுங்க. கூச்ச சுபாவம்."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். இன்னும் பஞ்சில் வைத்திருக்கிறேன்.

அன்று என்னைப் பேச விடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கல்லை உடைத்தது நான். அண்ணனின் கை தவறவே இல்லை.