கண்டக்டர் வீட்டு விசேஷம்

“நைனா, வயிறு வலிக்குது,” என்றாள் வரலட்சுமி. பாயில் சுருண்டு படுத்திருந்தாள். பாவாடையில் கறை.

அப்பா அருணகிரிக்குப் புரிந்துவிட்டது. உடனே வேர்த்தது. சதுரங்கப்பட்டினத்துக்கும் செங்கல்பட்டுக்கும் ஓடும் பஸ்ஸில் கண்டக்டர் அவர். ‘ரைட்’ சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் குரல் இப்போது தொண்டையை விட்டு வரவில்லை. மனைவி காசியம்மாளோ தம்பி பெண்டாட்டியின் பிரசவத்துக்காகக் கடப்பாக்கம் போயிருந்தாள்.

“நைனா, ஒண்ணு சொல்லணும்.”

“ஒண்ணும் சொல்லாத. எல்லாம் எனக்குத் தெரியும்,” என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் தலை நிமிராமல் கேட்டார்: “இன்னா?”

“பொண்ணுக்கு வயித்து வலி.”

“இன்னா துன்னுச்சு?”

“துன்னதால இல்லீங்க...”

“பின்ன?”

அருணகிரி கூரையைப் பார்த்தார். கம்பவுண்டர் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தபின் வரலட்சுமி கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வலி இரட்டிப்பானது.

“நைனா, நான் சொல்றதக் கேளேன்.”

“பேசாத, தெம்பு போயிடும்,” என்று மறுபடி ஓடினார்.

வழியில் கடப்பாக்கம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் கண்டக்டர் ராஜேந்திரனிடம் விஷயத்தைக் காதோடு காதாகச் சொல்லி, மச்சான் கண்ணாயிரத்தை வரச் சொன்னார். என்ஜின் இரைச்சலில் ராஜேந்திரனுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். பஸ் முழுக்கக் கேட்டது.

இந்த முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ் மேரியிடம் எப்படியோ சொல்லிவிட்டார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இது வியாதி இல்ல. வலி நெறைய பேருக்கு இருக்கும். வெந்நீர் ஒத்தடம் குடு. துணிய சோப்பு போட்டு அலசி வெயில்ல காய வையி. வெக்கப்பட்டுகினு இருட்டு மூலைல ஈரத்தோட போடாத. கீரை குடு. எழுந்திருக்க முடியாம வலிச்சாலோ, ரொம்பப் போனாலோ, கூட்டிகினு வா.”

“பள்ளிக்கூடம்?”

“போவட்டுமே. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

வீடு திரும்பினால் தெருவே உள்ளே இருந்தது. பஸ்ஸிலிருந்து சேதி இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டு எல்லம்மாள் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். வயிறு கலங்கிக் கிடந்த பெண்ணின் வாயில் இன்னொருத்தி பச்சை முட்டையை ஊற்றப் பார்த்தாள்.

“தாய்மாமன் வந்து பச்ச ஓலைல குடிசை கட்டட்டும். இனிமே பள்ளிக்கூடம் கெடையாது,” என்றாள் எல்லம்மாள்.

அந்தத் தெருவில் எட்டாவது வரை வந்த முதல் பெண் வரலட்சுமி. அருணகிரிக்குக் குரல் திரும்பியது.

“எம் பொண்ணு திங்கக்கெழம பள்ளிக்கூடம் போவா. நர்சம்மா சொல்லிட்டாங்க. மொதல்ல அந்த முட்டைய அப்பால எடு.”

அவர் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மகளிடம் நீட்டினார். காலையிலிருந்து முதல் முறையாக வரலட்சுமி சிரித்தாள்.

சாயங்காலம் கண்ணாயிரம் வெறுங்கையோடு வந்து நின்றான்.

“இன்னா மச்சான், ஓலை எங்க?” என்றார் அருணகிரி.

கண்ணாயிரம் அக்கா மகளைப் பார்த்தான். அவள் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

“அத போன மாசியிலயே எங்க வூட்ல கட்டிப் பிரிச்சாச்சு மாமா, உனக்குத் தெரிஞ்சா பஸ்ஸுக்கே தெரிஞ்சிடும்னு அக்காதான் சொல்லக் கூடாதுன்னிச்சு.”