ஐந்தாவது சில்-திடுக் சீட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

மினோரி எழுதுவது. கடிதம் என்றால் முதலில் பருவத்தையும் உடல்நலத்தையும் விசாரிக்க வேண்டும் என்பாள் அம்மா. அதை அடுத்த பத்தியில் செய்கிறேன். அதற்கு முன், அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்ட இரண்டு வாக்கியங்களை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். ஒன்று: “முதல் நான்கு சீட்டுகளையும் எழுதியது நான்.” இரண்டு: “ஐந்தாவதை எழுதியது நான் இல்லை.”

இனி விசாரிப்பு. மலை உச்சியில் வெண்பனி விழுந்துவிட்டது, நம் தெருவில் இன்னும் இல்லை. அம்மா நலம். உன் குளிர்கால உள்ளாடைகளைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள்; தெற்கில் அவ்வளவு குளிராது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தப் போயிருக்கும் நீங்கள் ஆறு பேரும் போன எண்ணிக்கையிலேயே, கைகால்களும் போன எண்ணிக்கையிலேயே, திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஏப்ரலில் தொழிலாளர் அலுவலகமும் மின் நிறுவனமும், அதற்குக் கம்பி இழுத்துக் கொடுக்கும் நம்மைப் போன்ற பத்து ஒப்பந்தக் கம்பெனிகளும் சேர்ந்து ‘கூட்டுப் பாதுகாப்பு மன்றம்’ தொடங்கியது உனக்கு நினைவிருக்கும். தொடக்க விழாவில் கொடுத்த அரிசி மோச்சி உருண்டையில் நீ மூன்று சாப்பிட்டாய். மாதம் தோறும் ஒவ்வொரு கம்பெனியும் ஐந்து சில்-திடுக் சீட்டு கொடுக்க வேண்டும் என்று தீர்மானம். அதாவது விபத்து நடக்கவில்லை, ஆனால் முதுகு சில்லிட்டது, நெஞ்சு திடுக்கென்றது, அதை எழுதிக் கொடு, பெயர் வேண்டாம், தண்டனை கிடையாது. ‘தண்டனை கிடையாது’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். அந்த இரண்டாவது கோடுதான் நம் ஆட்களைக் கலவரப்படுத்தியது. “ஒரு கோடு போட்டிருந்தா நம்பியிருப்பேன், ரெண்டு எதுக்கு?” என்று கன்னோ கேட்டான். “இத்தனை வருஷமா அரசாங்கம் கேள்வி கேட்டுச்சு, கம்பெனி பதில் சொல்லுச்சு, நாம கம்பத்துல தொங்கினோம். இப்ப ரெண்டும் ஒண்ணு சேர்ந்து கேள்வி கேக்குதுன்னா, பதில் சொல்லப்போறது யாரு? சொல்லு பாப்போம்!” ஒருவரும் எழுதவில்லை. மாதக் கடைசியில் நம் முதலாளி குராமொச்சி ஐயா என் மேசைக்கு வந்து, கதவைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, “ஏம்மா மினோரி, நீ சாப்பிடும்போதுகூட புஸ்தகம் படிக்கிற பொண்ணு. ஒரு அஞ்சு திடுக் எழுதிக் குடுத்துடேன்” என்றார்.

எழுதினேன். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், எல்லாம் நான்தான். செப்டம்பருக்கு நான்கு முடித்திருந்தேன்: துணி மாட்டும் கம்பிகளாலேயே கூடு கட்டிய காக்கை ஒன்று கம்பத்தின் மேல் ஒருவனை நேருக்கு நேர் பார்த்தது, பெட்டியைத் திறந்ததும் குளவி, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பறந்து வந்து தலைக்கவசத்தைச் சுற்றிக்கொண்ட படுக்கை விரிப்பு, அறுவடைக்கு முந்தைய காற்றில் நெல்வயல் மேல் ஆடிய ஏணி. ஐந்தாவதை மறுநாள் எழுதலாம் என்று போய்விட்டேன். மறுநாள் காலை என் மேசைத் தட்டில் ஐந்து இருந்தன. ஐந்தாவது, ஸ்கேல் வைத்து இழுத்தது போன்ற கட்டை எழுத்தில், இவ்வளவுதான்: “செப்டம்பர் புயல். மின்தடை. கம்பத்தில் ஏறினேன். சோதனைக் கோலைக் கம்பியில் வைத்தேன். விரலால் சுட்டி, ‘மின்சாரம் இல்லை, யோஷி’ என்று உரக்கச் சொன்னேன். கையுறை ஒன்று விழுந்துவிட்டது. எடுக்க இறங்கினேன். மறுபடி ஏறி, மறுபடி கோலை வைத்தேன். கோலில் விளக்கு எரிந்தது, மின்சாரம் இருக்கிறது. முதல் தடவையும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.” குராமொச்சி ஐயா எனக்கு உதவி செய்கிறார் என்று நினைத்து, நானும் ஐந்தையும் உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒன்பதாம் தேதி மன்றத்திலிருந்து ஆள் வந்தது. தொழிலாளர் அலுவலகத்து ஒச்சியாய் அம்மாளும், மின் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் தொகாஷியும். ஒரே காரில்! “ஒரே கார்ல வர்றாங்கடா,” என்று கன்னோ ஜன்னலோரம் நின்று கிசுகிசுத்தான், “வர்ற வழியிலயே பேசி முடிச்சிருப்பாங்க.” நம் ஆட்கள் வட்டமாக நின்று, ஒவ்வொன்றையும் பார்த்து, விரலால் சுட்டி, ‘சரி’ என்பதை யோஷி என்று உரக்கக் கூவும் காலைச் சுட்டலை நடத்திக் காட்டினார்கள். இடுப்புக் கயிறு, யோஷி! கையுறை, யோஷி! வழக்கம்போல மேஸ்திரி தொச்சியோ-சானின் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே. நாற்பது வருஷமாகச் சொல்கிறவர். தூக்கக் கலக்கத்தில் உப்புக் குப்பியைச் சுட்டி யோஷி சொல்வார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். அப்புறம் தொகாஷி சீட்டுகளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். “‘காக்கையின் கண்ணில் இலையுதிர்கால வானம் முழுவதும் இருந்தது.’ ம்ம்... உங்க குழு ரொம்ப ரசனையான குழு.” எனக்குக் காது சுட்டது. கன்னோ காக்கையைப் போலவே என்னைப் பார்த்தான்.

ஒச்சியாய் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாவதை மேசைமேல் தனியாக வைத்தார்.

“இது எந்தக் கம்பம்?”

குராமொச்சி ஐயாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. “பேரு வேண்டாம்னு மன்றமே சொல்லியிருக்கே...”

“பேரு வேண்டாம் ஐயா. கம்பம் வேணும். இந்தப் பக்கத்து மலைக் கிராமங்கள்ல ஜெனரேட்டர் வெச்சிருக்கிற வீடு எண்பதுக்கு மேல. அதுல யாரோ ஒருத்தர் அதைத் தன் வீட்டு வயரிங்கிலேயே சொருகியிருக்கார். அடுத்த மின்தடையிலயும் சொருகுவார். நீங்க கரண்ட் இல்லன்னு நினைக்கிற கம்பியில மின்சாரம் பின்வழியா ஏறும். கையுறை ஒவ்வொரு தடவையுமா விழும்?”

அந்த ஐந்தாவது சீட்டும் என் கற்பனைதான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குராமொச்சி ஐயாவும் பார்த்தார். அதிலிருந்து அவர் எழுதவில்லை என்று தெரிந்துகொண்டேன். அப்போதுதான் அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லியிருக்க வேண்டும். முதலாவதைச் சொன்னால் முதலாளி மாட்டுவார், இரண்டாவதைச் சொன்னால் நிஜமாகவே ஒருவன் மாட்டுவான், அந்த இரண்டு கோடுகளை நம்ப எனக்கும் தைரியம் வரவில்லை. “தேநீர் கொண்டு வரட்டுமா?” என்று கேட்டேன்.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான் அண்ணா. கன்னோவாக இருக்க முடியாது, அவன் வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளியே கிடையாது. தொச்சியோ-சானாக இருக்க முடியாது. அவர் பார்க்காமல் யோஷி சொன்னார் என்றால், சூரியன் பார்க்காமல் உதித்தது என்றுதான் அர்த்தம். மற்றவர்கள் அந்தப் புயலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், வேலைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டேன். மலைப் பக்கம் ஏறியவர்களில் மிச்சம் நீதான். புயலன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நீ கறிச்சோற்றை இரண்டாம் தடவை கேட்கவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் இது நடந்ததே இல்லை. அம்மா உனக்குக் காதல் என்று நினைத்தாள். குளியலறையில் முக்கால் மணி நேரம் இருந்தாய். நான் கதவைத் தட்டினபோ “ஒண்ணுமில்ல, போடி”ன்னு சொன்ன. ஒண்ணுமில்லாதவன் எதுக்கு முக்கால் மணி நேரம் தண்ணிக்குள்ள உக்காந்திருக்கான்? அடுத்த மாசம் உனக்கு மேஸ்திரிப் பரீட்சை. அதுக்காகத்தான் வாயைத் திறக்கலைன்னா எனக்குப் புரியுது. உன்னைத் திட்டறதுக்காக இதை எழுதல. நீ பேர் போட வேண்டாம், விளக்கம் வேண்டாம், ஃபோன்ல வேண்டவே வேண்டாம், அம்மா கூடத்துலதான் இருப்பா. ஒரு அஞ்சலட்டையில கம்பத்தோட எண்ணை மட்டும் எழுதிப் போடு. வானிலைக்காரங்க இருபதாம் தேதிக்கு மேல இன்னொரு புயல் வருதுன்னு சொல்றாங்க. அதுக்குள்ள அந்த வீடு தெரியணும். இல்லேன்னா இங்க யாரோ ஒருத்தர் அந்தக் கம்பத்துல ஏறுவாங்க, விரலை நீட்டுவாங்க.

உன் பார்சலோடு அம்மா அனுப்பியிருக்கும் ஊறுகாயை ஆறு பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். நாள் முழுவதும் மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவர்களின் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை மினோரி

பி.கு. இதை அன்றே தபாலில் சேர்க்கவில்லை. மேலே உன்னைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கறிச்சோறு உட்பட. (அம்மா நினைத்ததுதான் சரியோ என்று இப்போது புதுச் சந்தேகம்.) பதினாறாம் தேதி காலைச் சுட்டலில் இடுப்புக் கயிறு, கையுறை எல்லாம் முடிந்த பிறகு தொச்சியோ-சான் கரும்பலகைக்குப் போய், “மேல் சரிவு வரிசை, 14” என்று கட்டை எழுத்தில் எழுதினார். “நான்தான். விரல் நீட்டுச்சு, வாய் சொல்லுச்சு, கண்ணு மட்டும் வேற எங்கயோ இருந்துச்சு. நாப்பது வருஷமா சொல்லிச் சொல்லி வாய்க்குக் கண்ணு தேவைப்படாமப் போச்சு.” கன்னோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நான் ஒச்சியாய் அம்மாளுக்கு ஃபோன் செய்து அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். “தெரியும்மா,” என்றார். “பத்துக் கம்பெனி, அம்பது சீட்டு. நாப்பத்தொம்பதுல காத்து வீசுது, மேகம் போகுது, ஏதாவது ஒரு பறவை பாக்குது. எல்லாம் உங்கள மாதிரி ஆபீஸ் பொண்ணுங்க எழுதினது. ஒண்ணுல மட்டும் எதுவுமே வீசல. அதைத் தேடித்தான் வந்தோம். ஒரே கார்ல வந்தது, தொகாஷியோட கார் ரிப்பேர்.”

அன்று மதியமே இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஜெனரேட்டருக்கும் வீட்டு வயரிங்குக்கும் நடுவே மாற்று சுவிட்ச் பொருத்தப்பட்டது. கோலின் விளக்கைக் கீழே நிற்கும் இரண்டாவது ஆளும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மன்றம் எல்லாக் கம்பெனிகளுக்கும் விதி போட்டது. தொச்சியோ-சானுக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. இருபத்து மூன்றாம் தேதி புயலில் மேல் சரிவு வரிசை முழுவதும் மின்சாரம் போனது. மறுநாள் காலை அவர் பதினான்காவது கம்பத்தில் ஏறினார், கன்னோ கீழே நின்றான். பதினொன்றே காலுக்கு இருவரும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார்கள்.