சர்வருக்கு இரங்கிய முதலாளி

உலகத்தில் இரக்கம் செத்துப்போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் அந்தத் திரைச்சீலைக் கடை முதலாளியை அறியாதவர்கள். கடைக்குத் தனியாக ஒரு கம்ப்யூட்டர் சர்வர் தேவையா என்று ஆராய்ந்த 'உயர்மட்டக் கூட்டத்தில்' அவருடைய பொன்னான மனசு வெளிப்பட்டது.

உயர்மட்டம் என்றால் முதலாளி, பங்குதாரரான அவருடைய மச்சான், கம்ப்யூட்டர் ஆலோசகர். ஓரமாகக் கணக்கம்மா. கணக்கு எழுதுவதால் அந்தப் பெயர். துணி வெட்டுவது, வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுப்பது, போன் எடுப்பது, டீ போடுவது எல்லாம் பெயரில் சேராத உபரி. அவளுடைய தங்கைக்கு நிறைமாதம். அக்காவைத் தவிர நாதியில்லை. நாலு நாள் லீவு கேட்டிருந்தாள். அது போன மாதத்திலிருந்து 'தீவிரப் பரிசீலனையில்' இருந்தது.

ஆலோசகர் பழைய கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கொதிக்குது சார். பில்லும் இதுல, கஸ்டமர் வீட்டு ஜன்னல் அளவும் இதுல. ஒரே தலையில இவ்வளவு பாரத்த ஏத்தலாமா?"

"நான் அதுல சீட்டு வேற ஆடுறேன்" என்று மச்சான் ஒப்புக்கொண்டார்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்! இத்தன நாளா வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலியே!"

வாயைத் திறந்து மூன்று முறை சொல்லியிருந்த கணக்கம்மா, டீயை வைத்துக்கொண்டே நாலாவது முறையாக ஆரம்பித்தாள். "சார், என் லீவு..."

"இரும்மா, முக்கியமான விஷயம் ஓடுது."

"தினம் எத்தன பில்லு?" என்றார் ஆலோசகர்.

"ஆறு."

"நாளைக்கே அது ஏழாயிட்டா?"

சர்வர் வாங்குவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"தனி ரூம் வேணும், ஏசி வேணும். வேற எந்த வேலையும் அதுக்குக் கொடுக்கக் கூடாது" என்றார் ஆலோசகர்.

இருந்தது ஒரே ஒரு அறை. கணக்கம்மா மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிற அறை. அதை அவள் விட்டுக்கொடுத்துவிட்டதாக முதலாளி பெருமையோடு அறிவித்தார்.

"அது ஒருநாள் படுத்துட்டா? பக்கத்துலயே இன்னொண்ணு சும்மா நிக்கணும் சார்."

"சும்மாவா?"

"சும்மாவேதான்."

"நிக்கட்டும்யா! அதுவும் ஒரு ஜீவன்தானே!"

அப்போது போன் அடித்தது. கணக்கம்மாதான் எடுத்தாள். பேசியது தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி. கேட்டதும் போனை வைத்துவிட்டு முதலாளியிடம் ஓடி வந்தாள்.

"சார், தங்கச்சிக்கு வலி எடுத்துருச்சாம். நான் இப்பவே போகணும்."

"நீ போயிட்டா பில்லு? போனு? துணிய யாரு வெட்டுவா? மாத்தாள் கூடக் கெடையாதேம்மா!"

"எனக்கும் பக்கத்துல ஒருத்தர நிக்க வச்சிருக்கலாமே சார்?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை வாஞ்சை அந்தச் சிரிப்பில்.

"நல்லா கேட்ட போ! நீ என்ன மெஷினா, திடீர்னு நின்னு போறதுக்கு?"

கணக்கம்மா கத்திரிக்கோலை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இல்ல சார். அதான் கெளம்புறேன்."