வாக்கியத்தில் அமைத்துக் கத்துக

ஒரு காட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று பட்டம் வாங்கிவிட்டது. அதன் பெயர் தேன்மொழி; குரல் அப்படி இருக்காது. அதன் வம்சத்தில் எல்லோரும் சிறுத்தையைக் கண்டால் கிறீச்சென்று கத்திக் காட்டைக் காப்பாற்றியவர்கள். படித்துவிட்டுக் கத்த வந்தது தேன்மொழிதான் முதல்.

படித்ததில் ஒரு சங்கடம். விசேஷ வீடுகளில் மாமாக்கள் பிடித்துக்கொள்வார்கள். "படிச்ச புள்ள, எங்க, இங்கிலீஷ்ல நாலு வார்த்தை பேசு, கேப்போம்." அதற்குப் பயந்து அது காதுகுத்துக்குக்கூடப் போவதில்லை.

அந்த வருடம் காட்டில் எச்சரிக்கை அலுவலர் என்றொரு பதவி வந்தது. ஆள் எடுத்தது நரி; தேன்மொழியைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டது. ஆங்கில வகுப்பு நடத்துவதும் அதே நரிதான்.

"இனிமே சும்மா கத்தக் கூடாது. இங்கிலீஷ்லதான் எச்சரிக்கணும்," என்றது நரி. "ஒரு சொல்லைச் சொன்னா, அதுக்குப் பொருள், உச்சரிப்பு, வாக்கியம் எல்லாம் சேர்ந்து வரணும். ஒண்ணு விட்டாலும் வேலை நிரந்தரம் ஆகாது."

தேன்மொழியின் அப்பா ஏரி முழுக்க "பொண்ணு ஆபீசர்" என்று சொல்லி முடித்திருந்தார். எனவே அது இரவு பகலாக மனப்பாடம் செய்தது. எச்சரிக்கை புரிய வேண்டுமே என்று மான்களும் நரியிடம் வகுப்பில் சேர்ந்தன.

ஒருநாள் காலை மேய்ந்துகொண்டிருந்த மான்களுக்குப் பின்னால், புதருக்குள் சிறுத்தை பதுங்கியது. தேன்மொழியின் அடிவயிற்றிலிருந்து பழைய கத்தல் கிளம்பியது. நரி வளை வாசலில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்ததால், கத்தலை விழுங்கிவிட்டு, "லெப்பர்ட்," என்றது.

மான்கள் ஓடவில்லை. நோட்டை எடுத்தன.

"பொருள் சொல்லு பாப்பா," என்றது மூத்த மான் மரகதம்.

"பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்பெல்லாம் புள்ளி. மான் தின்னும்."

"நாங்க லியோபார்ட்னுல்ல படிச்சோம்?"

"அந்த 'ஓ' வராதுக்கா."

"எழுத்துல இருக்கே. இருக்கிறத எதுக்கு விடணும்?"

மான்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடின. சிறுத்தைக்குப் பாய்வது மட்டும்தான் பாக்கி. தேன்மொழி அவசரமாக வாக்கியத்துக்கு வந்தது. "தி லெப்பர்ட் இஸ் ஸ்டேண்டிங் பிஹைண்ட் மரகதம் அக்கா."

"நல்ல வாக்கியம்," என்று எழுதிக்கொண்டே மரகதம் திரும்பியது. மூக்குக்கு நேராகச் சிறுத்தை.

"சார், நீங்களே வந்துட்டீங்களா? லியோபார்ட்டா, லெப்பர்ட்டா?"

இரை தன்னிடம் சந்தேகம் கேட்பது சிறுத்தைக்கு இதுதான் முதல் தடவை. "வீட்டுல லெப்பர்ட்னுதான் சொல்லுவோம்."

"வீட்டுலயே இங்கிலீஷா? அப்ப ரெண்டு வார்த்தை பேசுங்க சார், எங்களுக்கும் பழகும்."

மான்கள் வட்டமாக உட்கார்ந்து அதன் வாயையே பார்த்தன. சிறுத்தையின் மீசை வியர்த்தது. "மை," என்றது. வானத்தைப் பார்த்தது. "மை நேம்..." பிறகு, "தொண்டை கட்டியிருக்கு. இன்னொரு நாள் வர்றேன்," என்று ஓட்டம் பிடித்தது.

அதுவரை வளைக்குள் ஒளிந்திருந்த நரி வெளியே வந்தது. "பிரமாதம் தேன்மொழி. வேலைய நிரந்தரம் பண்ணிடலாம். அதுக்கு முன்னாடி அந்தப் பாறை மேல ஏறி, எல்லாரும் கேக்குற மாதிரி இங்கிலீஷ்ல நாலு வார்த்தை நன்றி சொல்லிடு."

தேன்மொழி பாறையைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. பறந்துவிட்டது, சிறுத்தை போன அதே திசையில்.

ஆற்றோரம் சிறுத்தை முகம் கழுவிக்கொண்டிருந்தது. "உன்னையும் பேசச் சொன்னாங்களா?"

"ஆமாங்க சார்."

"உக்காரு. முதல்ல தண்ணி குடி."

இரண்டும் வெகுநேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தன.

காட்டில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. "தப்பிச்சு ஓடின சிறுத்தையக்கூட விடாம துரத்திட்டுப் போச்சு பாருங்க," என்றது மரகதம். நரி அன்றே உத்தரவு போட்டது: வேலை நிரந்தரம், கூடவே பதவி உயர்வு.

நீதி: உன்னைத் தின்ன வருபவரைக் கண்டு ஓடாதே, இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசச் சொல். உன்னைப் பேசச் சொன்னால் தாராளமாக ஓடு. யாரையோ துரத்துகிறாய் என்று நினைத்துக்கொள்வார்கள்.