மருந்து தோண்டப் போன டீச்சர்

டீச்சர் புதருக்குப் பின்னால் போன நேரம் பார்த்துத்தானா அந்த வயர்லெஸ் கரகரக்க வேண்டும்?

"பராசா, ஏன்யா நடுக்காட்டுல நிக்கிறே?" பக்கத்து சஃபாரி முகாம் டிரைவர் லெகிஷோனின் குரல்.

டிரைவர் சீட்டில் இருந்த பராசா விழித்தான். டீச்சர் மருந்து தோண்டப் போயிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். எங்கள் மாரா காட்டுப் பக்கம் வழியில் ஒன்றுக்குப் போவதைக் கௌரவமாக அப்படித்தான் சொல்வோம். ஆனால் கெருபோ டீச்சர் நகுருவில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "வயர்லெஸ்ல மூச்சு விட்டே, தோலை உரிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். பராசாவும் கடமை தவறாமல் முன்னால் போய் மரத்தடியில் இருந்த அந்தப் புதரைச் சுற்றிக் கைதட்டி, கீழெல்லாம் குனிந்து பார்த்து, பாம்புகூட இல்லை என்று உறுதி செய்துவிட்டே அனுப்பினான்.

அவனுக்கு ஏற்கெனவே நேரம் சரியில்லை. டீச்சரின் கணவர் ஒகெம்வா வந்த நாளிலிருந்து சிறுத்தை, சிறுத்தை என்று உயிரை வாங்குகிறார். இன்றும் காட்டாவிட்டால் நாளை முதல் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கலாம் என்று முகாம் மேனேஜரம்மா செப்கோயெச் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"பஞ்சர்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான் பராசா.

அதுதான் தப்பு. பஞ்சர் என்று கேட்டுவிட்டு எங்கள் ஊர் டிரைவர் எவனும் தன் பாட்டுக்குப் போக மாட்டான். கொஞ்ச நேரத்தில் லெகிஷோன் ஜாக்கியோடு வந்துவிட்டான். பின்னாலேயே இன்னும் இரண்டு வண்டிகள்.

லெகிஷோன் நாலு டயரையும் உதைத்துப் பார்த்தான். நாலும் கல்லு மாதிரி இருந்தன. பராசாவோ புதருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்.

"அடப்பாவி, சிறுத்தையைப் பாத்துட்டு எங்ககிட்ட மறைக்கிறியா?"

சிறுத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த ஒகெம்வா எழுந்து கூரை வழியே தலையை நீட்டினார். எல்லாக் கண்களும் புதர் பக்கம் திரும்பின. டீச்சரின் மானம் போகப்போகிறது, கூடவே தன் தோலும் போகப்போகிறது என்று பராசா சட்டென்று எதிர்ப்பக்கம் கையை நீட்டினான்.

"இங்க இல்லப்பா. அந்தா, எதிர்ல அந்த மரத்துல பாரு. வால் தொங்குது."

தொங்கியது நீளமான ஒரு காய். ஆனால் ஆசையோடு பார்க்கிறவர்களுக்குக் காயும் வால்தான். ஒகெம்வாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. லெகிஷோன் வயர்லெஸ்ஸில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டான். பாதை முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு வண்டிகள் வந்து குவிந்தன. கடைசியாக வந்த வண்டியில் செப்கோயெச்சே இருந்தார்.

போன டீச்சரை மட்டும் இன்னும் காணோம். போய்க் கூப்பிடவும் முடியாது, கூப்பிடாமல் இருக்கவும் முடியாது. பராசாவுக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

செப்கோயெச் பைனாகுலரை இறக்கினார். "பராசா, அது காய்."

ஒகெம்வா முகம் சுருங்கிப்போனது. பராசாவுக்கு அப்போதே கண் எரிய ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் டீச்சர் புதருக்குப் பின்னாலிருந்து அடிமேல் அடி வைத்து வந்தார். யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறி, கதவைச் சாத்தி, அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"அங்க என்னத்தப்பா பாக்குறீங்க? சிறுத்தை இந்தப் பக்கம், நான் உக்காந்த இடத்துக்கு நேர் மேல கிளையில படுத்திருக்கு. உங்கள மாதிரி கூட்டம் கூடி வேடிக்கை பாக்கல, பாவம். நான் எந்திரிக்கிற வரைக்கும் மரியாதையா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு."